கணவர் விட்டுச் சென்ற பி.எப். பணத்துக்கு வரி இல்லை. மாதாமாதம் வரும் குடும்ப பென்சனுக்கு உண்டு!

சென்னை,

கணவர் காலமானதும் மனைவியின் கைக்கு வரும் பி.எப்., கிராஜுவிட்டி போன்ற மொத்தப் பணத்துக்கு வருமான வரி கிடையாது. ஆனால் மாதாமாதம் வரும் குடும்ப பென்சனுக்கு வரிக் கணக்கு உண்டு. மொத்தப் பணத்தை பாங்கியில் போட்டால் வரும் வட்டிக்கும் உண்டு.

இது பல பெண்களுக்குத் தெரிவது இல்லை. காரணம் ஒன்றுதான். குடும்ப பென்சனில் பாங்கிக்காரர்கள் வரி பிடிப்பது இல்லை. பிடிக்காததால் வரியே இல்லை என்று நினைத்து விடுகிறார்கள். 2 வருஷம் கழித்து நோட்டீசு வரும்போதுதான் "இது என்ன புதுத் தலைவலி" என்று ஆடிட்டரைத் தேடி ஓடுகிறார்கள்.

கவுண்டரில் நடக்கும் பேச்சு

அயனாவரம், வில்லிவாக்கம், பெரம்பூர் பக்கத்தில் ரெயில்வே பென்சன்காரர்கள் அதிகம். ஐ.சி.எப்.பிலும், கேரேஜிலும், லோகோவிலும் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்களின் குடும்பங்கள். மாதத்தின் முதல் வாரத்தில் பாங்கி வாசலில் கூட்டம் நிற்கும். கவுண்டரில் இப்படி ஒரு பேச்சு நடப்பது சகஜம்.

"தம்பி, எங்க வீட்டுக்காரர் இருந்தப்போ வருஷா வருஷம் வரி பிடிச்ச கணக்குன்னு ஒரு பாரம் கொடுப்பீங்களே? எனக்கு ஒண்ணும் கொடுக்கலியே?"

"அது அவரோட பென்சன் அம்மா. உங்களோடது குடும்ப பென்சன். இதுல நாங்க வரி பிடிக்க மாட்டோம்."

"அப்போ எனக்கு வரி கிடையாதா?"

"பிடிக்க மாட்டோம்னுதான் சொன்னேன் அம்மா. கிடையாதுன்னு சொல்லல."

அந்தக் கிளார்க் சொல்வது சட்டப்படி சரி. ஆனால் கேட்டவருக்குப் புரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

விஷயம் இதுதான். வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர் வாங்கும் பென்சனை, வருமான வரிச் சட்டம் சம்பளமாகவே கருதுகிறது. சம்பளம் என்பதால் பாங்கியே வரியைப் பிடித்து அரசாங்கத்துக்குக் கட்டி விடுகிறது. கணக்குப் பாரமும் கொடுக்கிறது. கணவர் இறந்த பிறகு மனைவிக்கு வருவது சம்பளம் அல்ல. அவர் அந்த ஆபீசில் வேலை பார்த்தது இல்லையே! அதனால் அது "இதர வருமானம்" என்ற தலைப்பில் போய் விழுகிறது. பாங்கி வட்டியும் அதே தலைப்புதான். ஆனால் வட்டியில் வரி பிடிக்க விதி இருக்கிறது. குடும்ப பென்சனில் பிடிக்க விதி இல்லை.

கணக்குப் போட வேண்டியது, கட்ட வேண்டியது எல்லாம் அந்த அம்மாளின் பொறுப்பு. அதுவரை வீட்டு வரவு செலவை மட்டும் பார்த்து வந்தவருக்கு, கணவர் போன துக்கத்தோடு இதுவும் சேர்ந்து கொள்கிறது.

ரூ.75 ஆயிரம் எங்கே, ரூ.25 ஆயிரம் எங்கே?

தலைப்பு மாறுவதால் சலுகையும் மாறுகிறது.

புதிய வரி முறையில், சம்பளக்காரருக்கும் பென்சன்காரருக்கும் ரூ.75 ஆயிரத்தை அப்படியே கழித்து விட்டுத்தான் வரி போடுகிறார்கள். குடும்ப பென்சன் வாங்கும் மனைவிக்கு அந்தக் கழிவு கிடையாது. அவருக்கு என்று வேறு கழிவு இருக்கிறது. வருஷத்தில் வரும் குடும்ப பென்சனில் 3-ல் ஒரு பங்கு அல்லது ரூ.25 ஆயிரம், இதில் எது குறைவோ அது.

இந்த ரூ.25 ஆயிரம்கூட 2024 ஏப்ரலில் தொடங்கிய வருஷத்தில் இருந்துதான். அதற்கு முன் நெடுங்காலம் ரூ.15 ஆயிரமாகவே இருந்தது. பழைய வரி முறையே போதும் என்று எழுதிக் கொடுப்பவர்களுக்கு இப்போதும் ரூ.15 ஆயிரம்தான்.

அதே ஆபீஸ், அதே பென்சன் புத்தகம். கணவர் உயிரோடு இருந்தால் ரூ.75 ஆயிரம் கழிவு. அவர் போய்விட்டால் மனைவிக்கு ரூ.25 ஆயிரம். பென்சனும் குறைந்து, கழிவும் குறைவதற்கு நியாயம் சொல்வது கஷ்டம்.

1961-ம் வருஷத்து வருமான வரிச் சட்டம் போய், 2025-ம் வருஷத்துப் புதுச் சட்டம் 2026 ஏப்ரல் 1-ந்தேதி அமலுக்கு வந்தது. அதிலும் குடும்ப பென்சனுக்குத் தனிக் கழிவுதான்.

இன்னொரு நுணுக்கம். வேலை கொடுத்த நிர்வாகம் தருவதுதான் குடும்ப பென்சன். கணவர் இன்சூரன்சு கம்பெனியில் பணம் கட்டி, தனக்குப் பின் மனைவிக்கு மாதாமாதம் வரும்படி வாங்கி வைத்த பென்சன் பாலிசி இந்தக் கணக்கில் வராது. அந்தப் பணம் முழுவதும் வருமானம்தான்.

மொத்தமாக வரும் பணம்

மொத்தமாக வரும் பணத்தைப் பற்றிப் பயப்பட வேண்டியது இல்லை.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்த்த ஒருவர் சர்வீசில் இருக்கும்போதே இறந்து விட்டார் என்று வைத்துக் கொள்ளலாம். அவர் பி.எப். கணக்கில் இருந்த பணம் மனைவிக்கு வரி இல்லாமல் வரும். 5 வருஷ சர்வீசு முடியாமல் பி.எப். பணத்தை எடுத்தால் வரி உண்டு என்று ஒரு விதி இருக்கிறது. மரணத்துக்கு அந்த விதி பொருந்தாது. கிராஜுவிட்டிக்கும் 5 வருஷ சர்வீசு கேட்பார்கள். ஆனால் தொழிலாளி இறந்து விட்டால் அதுவும் தேவை இல்லை. எடுக்காமல் பாக்கி இருந்த லீவு சம்பளம் வாரிசுக்கு வந்தால், அதற்கும் வரி கிடையாது.

பி.எப்.போடு சேர்ந்த இன்சூரன்சு ஒன்று இருக்கிறது. 1976-ல் வந்த திட்டம். தொழிலாளி தனியாகப் பணம் கட்டுவது இல்லை, கம்பெனிதான் கட்டுகிறது. சர்வீசில் இறந்தால் குடும்பத்துக்கு ரூ.7 லட்சம் வரை கிடைக்கும். இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் பி.எப். பணத்தை மட்டும் வாங்கிக் கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. அதற்கும் வரி இல்லை.

தேசிய பென்சன் திட்டத்திலும் இதே நிலைதான். சந்தாதாரர் இறந்து நாமினிக்கு மொத்தமாக வரும் தொகைக்கு வரி இல்லை.

பி.எப். ஆபீசில் இருந்து விதவைக்கு வரும் மாத பென்சன் குடும்ப பென்சன் கணக்கில் சேரும். ஆனால் அங்கே 2014-ல் குறைந்தபட்ச பென்சனை நிர்ணயித்ததே மாதம் ரூ.1,000 என்றுதான். அதை மட்டும் நம்பி இருப்பவருக்கு வரியைப் பற்றிக் கவலைப்பட நேரம் இருக்காது.

சொத்து வாரிசுக்குப் போகிறது என்பதற்காக ஒரு வரி ஒரு காலத்தில் இங்கே இருந்தது. 1953-ல் வந்தது. "சாவு வரி" என்று ஜனங்கள் திட்டினார்கள். பெரிய சொத்துகளுக்கு 85 சதவீதம் வரை போனது. வி.பி.சிங் நிதி மந்திரியாக இருந்தபோது, 1985 மார்ச்சில் அதை எடுத்து விட்டார். அதற்குப் பிறகு, கணவர் விட்டுச் சென்றது எவ்வளவு ஆனாலும் அதை வாங்கியதற்காக மனைவி வரி கட்டுவது இல்லை. அந்தப் பணம் குட்டி போட்டால்தான் வரி.

ரூ.14 ஆயிரம் திரும்ப வரும்

63 வயது அம்மாள் ஒருவர். குடும்ப பென்சன் மாதம் ரூ.28 ஆயிரம். கணவர் வைத்துவிட்டுப் போன ரூ.20 லட்சத்தை ஒரே பாங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டு இருக்கிறார். 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான வருஷத்துக் கணக்கைப் பார்க்கலாம்.

பென்சன் ரூ.3 லட்சத்து 36 ஆயிரம். வட்டி ரூ.1 லட்சத்து 40 ஆயிரம். இரண்டும் சேர்ந்து ரூ.4 லட்சத்து 76 ஆயிரம். கழிவு ரூ.25 ஆயிரம் போக ரூ.4 லட்சத்து 51 ஆயிரம்.

புதிய முறையில் ரூ.12 லட்சம் வருமானம் வரை வரி தள்ளுபடி ஆகிவிடும். ஆகவே அவர் கட்ட வேண்டிய வரி ஒரு பைசா கூட இல்லை.

ஆனால் பாங்கி என்ன செய்கிறது? 60 வயது தாண்டியவர்களுக்கு வட்டி வருஷத்துக்கு ரூ.1 லட்சத்தைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிக்க வேண்டும். 60 வயது ஆகாதவர் என்றால் ரூ.50 ஆயிரம் தாண்டினாலே பிடிப்பார்கள். இந்த அம்மாளுக்கு ரூ.14 ஆயிரம் பிடித்தாகிவிட்டது. பான் நம்பர் கொடுக்காமல் விட்டு இருந்தால் 20 சதவீதம், அதாவது ரூ.28 ஆயிரம் போய் இருக்கும்.

இந்தப் பணம் அவருடையது. வரிக் கணக்கு தாக்கல் செய்தால் திரும்ப வரும். தாக்கல் செய்யாவிட்டால் வராது. "எனக்குத்தான் வரி இல்லையே, நான் ஏன் எழுதிக் கொடுக்கணும்?" என்று சும்மா இருந்தால், கிட்டத்தட்ட அரை மாத பென்சன் அரசாங்கத்திடமே கிடக்கும்.

வருஷ ஆரம்பத்திலேயே "எனக்கு வரி வராது, பிடிக்காதீர்கள்" என்று உறுதிமொழிப் படிவம் கொடுத்து இருந்தால் பாங்கி பிடித்து இருக்காது. கணவர் இருந்த காலத்தில் வருஷா வருஷம் அவர் கொடுத்து வந்திருப்பார். அவர் கொடுத்தது அவரோடு போயிற்று. டெபாசிட்டு மனைவி பேருக்கு மாறியதும் மனைவி புதிதாகக் கொடுக்க வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

வருமானம் குறைந்தது, வரி வந்தது!

மனைவியும் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர் என்றால் கதை வேறு.

கணவர் அரசாங்க அதிகாரி. பென்சன் மாதம் ரூ.80 ஆயிரம். டெபாசிட்டு வட்டி வருஷத்துக்கு ரூ.1 லட்சத்து 20 ஆயிரம். மனைவி ரிட்டயர் ஆன டீச்சர். அவருடைய சொந்த பென்சன் ரூ.55 ஆயிரம். இருவருக்கும் 60 வயது தாண்டிவிட்டது. குடும்பத்துக்கு மொத்தம் வருஷத்துக்கு ரூ.17 லட்சத்து 40 ஆயிரம் வந்தது. ஆனால் தனித்தனியாகக் கணக்குப் போட்டால் இருவருமே ரூ.12 லட்சத்துக்குள். வரி இல்லை.

கணவர் 70 வயதுக்கு மேல் காலமாகிறார். பென்சன் என்பது கடைசிச் சம்பளத்தில் பாதி. சாதாரண குடும்ப பென்சன் 30 சதவீதம். ரூ.80 ஆயிரம் வந்த இடத்தில் ரூ.48 ஆயிரம் வருகிறது. டெபாசிட்டும் மனைவி பேருக்கு வருகிறது. இப்போது அந்த வீட்டின் வருமானம் ரூ.13 லட்சத்து 56 ஆயிரம். ஏறக்குறைய ரூ.4 லட்சம் குறைந்து விட்டது.

ஆனால் இப்போது எல்லாம் ஒரே ஆள் கணக்கில்! சொந்த பென்சனுக்கு ரூ.75 ஆயிரம், குடும்ப பென்சனுக்கு ரூ.25 ஆயிரம். இரண்டு கழிவும் அவருக்கு உண்டு. அது போக ரூ.12 லட்சத்து 56 ஆயிரம். தள்ளுபடி எல்லையை ரூ.56 ஆயிரம் தாண்டிவிட்டது. எல்லையைக் கொஞ்சம் தாண்டியவர்களுக்கு, தாண்டிய தொகைக்கு மேல் வரி போடக் கூடாது என்று விதி இருக்கிறது. அதனால் வரி ரூ.56 ஆயிரம். அதன் மேல் 4 சதவீதம் செஸ். ஆக ரூ.58,240.

ரூ.17 லட்சம் வந்தபோது வரி இல்லை. ரூ.13 லட்சம் வரும்போது வரி ரூ.58 ஆயிரம்!

பாங்கி இதைப் பிடித்து இருக்குமா? சொந்த பென்சன் மட்டும் பார்த்தால் வரி வராது. அதனால் பிடிக்கவில்லை. குடும்ப பென்சனில் பிடிக்கவே முடியாது. வட்டியில் மட்டும் ரூ.12 ஆயிரம் பிடித்து இருக்கும். பாக்கி ரூ.46,240-ஐ கணக்கு தாக்கல் செய்யும்போது மொத்தமாக எடுத்து வைக்க வேண்டும். வியாபார வருமானம் இல்லாத 60 வயதுக்காரர்களுக்கு முன்கூட்டியே தவணையில் கட்டும் கட்டாயம் இல்லை என்பது ஒரு ஆறுதல். 60 வயதுக்கு உட்பட்டவருக்கு இந்தச் சலுகையும் கிடையாது. பாக்கி ரூ.10 ஆயிரத்தைத் தொட்டாலே அவர் வருஷத்துக்குள் 4 தவணையாகக் கட்ட வேண்டும். தவறினால் வட்டி.

இப்படிப்பட்டவர்கள் பழைய முறையிலும் ஒருதரம் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. அதில் 60 வயது தாண்டியவர்களின் பாங்கி வட்டியில் ரூ.50 ஆயிரம் வரை கழிவு உண்டு. ஆனால் ரூ.12 லட்சம் தள்ளுபடி அங்கே இல்லை. பெரும்பாலானவர்களுக்குப் புதிய முறையே லாபம்.

மருமகள் பேரில் போட்டால்?

வரி என்றதும் வீட்டில் யோசனை சொல்ல ஆள் கிளம்பி விடும். "டெபாசிட்டை மருமகள் பேருக்கு மாத்திடுங்க அத்தை, உங்களுக்கு வட்டியும் இல்லை, வரியும் இல்லை" என்பார்கள்.

சட்டம் அதை ஏற்கனவே யோசித்து வைத்து இருக்கிறது. மாமியார் இனாமாகக் கொடுத்த பணத்தில் மருமகளுக்கு வரும் வட்டி, மாமியாரின் வருமானத்திலேயே சேரும். பணம் மருமகளிடம், வரி மாமியாரிடம்!

வளர்ந்த மகன் பேருக்கு மாற்றினால் இந்த விதி வராது. வட்டி மகன் கணக்கில் போகும். ஆனால் சில ஆயிரம் வரிக்குப் பயந்து பல லட்சம் முதலைக் கையை விட்டுக் கொடுப்பது என்ன கணக்கு என்று தெரியவில்லை. வயதான காலத்தில் ஆஸ்பத்திரி செலவுக்கு மகனிடம் கை நீட்டி நிற்பவர்கள் எந்தத் தெருவிலும் இருக்கிறார்கள்.

தபால் ஆபீஸ் கணக்குகள்

தபால் ஆபீசில் கணவர் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டு இருந்தால், மனைவி கூட்டுக் கணக்குதாரராகவோ ஒரே நாமினியாகவோ இருந்து, திட்டத்துக்கு உரிய தகுதியும் இருந்தால், முதிர்வு காலம் வரை அதே வட்டியில் தொடரலாம். அவசரப்பட்டு மூட வேண்டாம். அந்த வட்டி மனைவியின் வருமானம். பி.பி.எப். கணக்கில் அந்த வசதி கிடையாது. கணவர் பேரில் இருந்த கணக்கை நாமினி மூடித்தான் ஆக வேண்டும்.

பி.எப். நாமினேஷனில் ஒரு விஷயம். பணம் கைக்கு வந்தால்தானே வரிப் பேச்சு! கல்யாணத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்தவர் அம்மா பேரையோ அண்ணன் பேரையோ எழுதிக் கொடுத்து இருப்பார். 1952-ம் வருஷத்து பி.எப். திட்டத்தின்படி, கல்யாணம் ஆனதும் அந்த நாமினேஷன் செல்லாது. புதிதாக எழுத வேண்டும். எழுதாமலே இறந்து விட்டால் குடும்பத்தாருக்குப் பங்கு பிரிக்க ஆபீசில் பேப்பர் மேல் பேப்பர் கேட்பார்கள்.

பாக்கி பென்சன் மொத்தமாக வந்தால்

குடும்ப பென்சன் உத்தரவு வருவதற்குள் மாதங்கள் ஓடி விடுவது உண்டு. பிறகு பாக்கி எல்லாம் ஒரே வருஷத்தில் மொத்தமாக வந்து விழும். அந்த வருஷம் மட்டும் வருமானம் பெரிதாகத் தெரியும். அந்தப் பாக்கி முந்திய வருஷத்துக்கு உரியது என்றால், அந்தந்த வருஷத்தில் வந்ததாகக் கணக்கிட்டு வரியைக் குறைத்துக் கொள்ள வழி இருக்கிறது. அதற்குத் தனிப் படிவம். கணக்கு தாக்கல் செய்வதற்கு முன்பே அதை அனுப்பிவிட வேண்டும்.

போர் நடவடிக்கையில் உயிர் இழந்த ராணுவத்தினரின் மனைவி வாங்கும் குடும்ப பென்சனுக்கு வரி அறவே கிடையாது.

கணவரின் கடைசிக் கணக்கு

கணவர் இறந்த வருஷத்தில் 2 கணக்கு. இறந்த தேதி வரை வந்த பென்சனும் வட்டியும் கணவர் வருமானம். அதற்குப் பிறகு வருவது மனைவி வருமானம். கணவரின் கணக்கை சட்டப்படி வாரிசு என்ற முறையில் மனைவி தாக்கல் செய்ய வேண்டும். தாசில்தார் ஆபீசில் வாங்கிய வாரிசு சான்றிதழ், இறப்பு சான்றிதழ், இருவரின் பான் கார்டு ஆகியவற்றோடு வருமான வரி இலாகாவின் இணையதளத்தில் வாரிசாகப் பதிவு செய்தால்தான் அதற்கு வழி திறக்கும்.

கணவருக்கு வரி பாக்கி இருந்தால் கட்ட வேண்டும். ஆனால் அவர் விட்டுச் சென்ற சொத்தின் மதிப்புக்கு மேல் மனைவி தன் கைப்பணத்தில் இருந்து கட்ட வேண்டியது இல்லை. அவருக்கு இலாகா திருப்பித் தர வேண்டியது இருந்தால் அது வாரிசுக்கு வரும். அதுவரை கணவரின் பான் கார்டையும், பாங்கிக் கணக்கையும் ரத்து செய்ய எழுதிக் கொடுத்து விடக் கூடாது என்று ஆடிட்டர்கள் சொல்கிறார்கள்.